டர்பன் டிஜேயும் பிறைத் தம்பியும்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் பிளாக் காஃபி என்ற தென்னாப்பிரிக்க டிஜேயைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன், அதுவும் வேறு யாருக்கோ பதில் சொல்லும்போது போகிற போக்கில் வந்து விழுந்த வரி. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் அவருக்கே என்று ஒதுக்கிவிட்டேன். டேவானில் (மண்டபத்தில்) எந்த ஸ்பீக்கர் வைப்பது, எங்கே வைப்பது என்று கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. போலிடெக்னிக்கில் இரண்டாவது செமஸ்டரோடு நிறுத்திவிட்டு, டிஜே ஆகப்போகிறேன் என்கிறான். ஏதாவது சொன்னால், "பிளாக் காஃபி என்ன படிச்சிட்டா ஜெயிச்சாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். யார் இவர்? இதெல்லாம் ஒரு தொழிலா? (பினாங்கு, பிறையிலிருந்து ஒரு தாயார்)

அம்மா, முதலில் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: அவர் படித்தார். டர்பனில் டெக்னிகான் நட்டால் என்ற கல்லூரியில் (இன்றைக்கு அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது) முறையாக இசை படித்தவர் அவர். அங்கே படித்தது ஜாஸ். அதனால் படிப்பை விடுவதற்கு இந்த ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சாட்சி மாற்றிச் சொல்லிவிடும்.

முழுப் பெயர் இன்கோசினாத்தி இன்னசென்ட் மபுமுலோ. 1976-இல் டர்பனுக்குப் பக்கத்தில் உம்லாசி என்ற கறுப்பர் குடியிருப்பில் பிறந்தவர், வளர்ந்தது கிழக்குக் கேப் பகுதியில் மத்தாத்தா என்ற ஊரில், பாட்டியிடம். இரண்டு நண்பர்களோடு ஷானா என்ற பாட்டுக் குழு வைத்திருந்தார். 2003-இல் ரெட் புல் நிறுவனம் கேப் டவுனில் நடத்திய இசைப் பயிலரங்குக்குத் தேர்வானார், அங்கிருந்துதான் பாதை திரும்பியது. 2005-இல் முதல் ஆல்பம். கூடவே சோலிஸ்டிக் மியூசிக் என்று சொந்த லேபிளும் (இசை வெளியிடும் நிறுவனம்) தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு 29 வயது. அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி வாங்கியது 2022-இல், 46 வயதில். நடுவில் 17 வருடம். அந்த 17 வருடத்தைத் தம்பி ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

தொழிலா என்று கேட்டீர்கள். தொழில்தான். ஆனால் இவர் அதை எங்கே ஆரம்பித்தார் என்பதைப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் ஸ்பெயினின் இபிசா தீவில் அவர் வாசிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்று நினைக்கிறார்கள். அவருக்கு முதலில் சோறு போட்டது சொந்த ஊர். தென்னாப்பிரிக்காவில் ஹவுஸ் என்கிற டான்ஸ் இசை பணக்காரர் கிளப்பில் மட்டும் ஒலிக்கிற சங்கதி இல்லை, கல்யாண வீட்டிலும் ஓடும், ஆள் ஏற்றிப் போகிற மினிபஸ் டாக்சியிலும் ஓடும். பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ்ஸில் காலை ஷிப்டுக்குப் போகும்போது டிரைவர் ஒரு பாட்டைப் போட்டு, சாயங்காலத்துக்குள் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் அதை முணுமுணுப்பார்களே, அந்த மாதிரி. இவருடைய பாட்டும் அப்படித்தான் ஊர் முழுக்கப் பரவியது. 2007, 2009 என்று அடுத்தடுத்து ஆல்பம் போட்டு உள்ளூரில் பெயர் வாங்கி, 2012-இல் வந்த ஆல்பத்துக்கு டர்பனின் மோசஸ் மபீடா அரங்கத்தில் 24 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்து, அதற்கெல்லாம் பிறகுதான் ஐரோப்பாவில் பெரிய இடம் கிடைத்தது. இபிசாவில் 'ஹை இபிசா' என்ற பெரிய கிளப்பில் சனிக்கிழமை இரவு வருடக்கணக்காக அவருடையது. 2023 அக்டோபரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி. எல்லாம் பின்னால் வந்தது.

லேபிள் விஷயத்தையும் தம்பி கவனிக்க வேண்டும். முதல் ஆல்பம் வந்த அதே வருடம் சொந்த லேபிள் என்றால், தான் செய்த இசைக்குத் தானே முதலாளியாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அப்போதே அவரிடம் இருந்திருக்கிறது. நான் டிஜேயாக வாங்கிய முதல் கூலி 80 வெள்ளியும் ஒரு பொட்டலம் பிரியாணியும். அதில் பிரியாணி மட்டும் அன்றைக்கே வந்தது, 80 வெள்ளிக்கு நாலு மாதம் நடந்தேன். கணக்கு தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தால் நடக்கத்தான் வேண்டும். போலிடெக்னிக்கில் என்ன பாடம் என்று நீங்கள் எழுதவில்லை. எலெக்ட்ரானிக்ஸோ வணிகமோ எதுவாக இருந்தாலும் சரி, திரும்பப் போய் முடிக்கச் சொல்லுங்கள், இரண்டுமே உதவும். சனி, ஞாயிறு வாசிக்கட்டும். தம்பி வாசிக்கிற இடத்துக்கு நீங்களும் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். அதைவிடப் பெரிய அதட்டல் கிடையாது.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறாரே, அது என்ன ஸ்டைல், அண்ணே? (செந்தூல் வாசகி)

ஸ்டைல் இல்லை, தங்கச்சி. அந்தக் கை வேலை செய்யாது.

1990 பிப்ரவரி. நெல்சன் மண்டேலா 27 வருடச் சிறைவாசம் முடிந்து வெளியே வருகிறார். மண்டேலா பிறந்து வளர்ந்ததெல்லாம் மத்தாத்தாவைச் சுற்றியிருக்கிற கிராமங்களில்தான், அதனால் அந்த ஊருக்கு அது தங்கள் வீட்டு விசேஷம் மாதிரி. ஜனங்கள் இரவில் தெருவில் இறங்கிப் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வண்டி பாய்ந்துவிட்டது. 13 வயதுப் பையன் இவர், அந்த இடத்தில் நின்றிருந்தார். தோள்பட்டையிலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கொத்து அறுந்து இடது கை செயலிழந்துபோனது. பல வருடம் இதைப் பற்றி அவர் வெளியே பேசவே இல்லை. கேட்கிறவர்களும் உன்னை மாதிரி ஸ்டைல் என்றே நினைத்திருந்தார்கள்.

ஒரு கையால் டிஜே வேலை செய்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இடது கையைக் கைலிக்குள் செருகிக்கொண்டு முயன்று பார்த்தேன். முதல் பாட்டு ஓடுகிறது, இரண்டாவதைத் தயார் செய்ய வேண்டும். ஹெட்போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், அது வரைக்கும் சரி. வேகத்தைச் சமப்படுத்தியாயிற்று. அப்புறம் வந்தது வினை. இரண்டு பாட்டின் பாஸும், அதாவது கீழே இடிக்கிற கனத்த ஒலியும், ஒரே நேரத்தில் ஒலித்தால் சத்தம் குழம்பிக் கஞ்சியாகிவிடும். அதனால் வருகிற பாட்டின் பாஸை ஏற்றும் அதே நொடியில் போகிற பாட்டின் பாஸை இறக்க வேண்டும், ஆளுக்கொரு குமிழ், கைக்கொரு வேலை. எனக்கு ஒரே கை. ஒன்றை இறக்கிவிட்டு மற்றதைப் பிடிப்பதற்குள் நடுவில் அடித்தளமே இல்லாத ஒரு பள்ளம் விழுகிறது. மூன்று முறை விழுந்தேன். மேலே ஹாலில் என் மனைவி, "கரண்ட் போச்சா?" என்று கேட்டாள்.

இதற்கு ஒரே வழி, அவசரப்படாமல் இருப்பது. பள்ளத்தையே பாட்டின் ஒரு பகுதியாக மாற்றி, போகிற பாட்டை முன்கூட்டியே மெலிய வைத்து, கேட்கிறவன் காத்திருக்கும்படி செய்து, பிறகு அடுத்ததை இறக்குவது. அவர் செட்டை (மேடையில் தொடர்ந்து போடுகிற பாட்டு வரிசையை) கேட்டுப் பாருங்கள், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஆறு இறங்குகிற மாதிரி இருக்கும், எங்கே மாறியது என்றே பிடிபடாது. அது அவருடைய கையால் வந்ததா, காதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் 'ஒரு கையோடு சாதித்த மாவீரர்' என்று போஸ்டர் போட்டுப் பகிர்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. அவரைக் கேட்க வேண்டிய காரணம் அவருடைய இசை, கை இல்லை.

மற்றவர் பாட்டைப் போடுகிறவருக்கு எப்படி கிராமி கொடுத்தார்கள்? நானும்தான் வாரா வாரம் வீட்டில் பாட்டுப் போடுகிறேன். (பாயான் பாரு வாசகர்)

உங்களுக்கு அண்டை வீட்டார் கொடுப்பார்கள், பொறுங்கள்.

டிஜே வேறு, தயாரிப்பாளர் வேறு. இவர் இரண்டும். கிராமி கிடைத்தது தயாரிப்பாளருக்கு. 2021-இல் வந்த 'சப்கான்ஷியஸ்லி' என்ற ஆல்பம், 2022 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த விழாவில் சிறந்த டான்ஸ்/எலெக்ட்ரானிக் ஆல்பம் விருது. அந்தப் பிரிவில் வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். அதில் அஷர், ஃபரல் வில்லியம்ஸ், டேவிட் கெட்டா என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன, தென்னாப்பிரிக்கப் பாடகி ம்சாக்கியும் இருக்கிறார். பிளாக் காஃபி பெரும்பாலும் பாடுவதில்லை. குரல் இன்னொருவருடையது, அந்தக் குரல் நிற்கிற தரை அவருடையது. நம் சினிமாவில் இசையமைப்பாளர் பாடவில்லை என்பதற்காகப் பாட்டு அவருடையது இல்லை என்று யாராவது சொல்கிறோமா?

ஒரு உதாரணம். பூசி என்ற பாடகியை வைத்து 'சூப்பர்மேன்' என்று ஒரு பாட்டு செய்திருந்தார், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. பல வருடம் கழித்து 2017-இல் கனடாவின் டிரேக் அதை எடுத்து, ஜோர்ஜா ஸ்மித்தைப் பாட வைத்துத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார், இவர் பெயரையும் போட்டு. உலகம் முழுக்க அப்போதுதான் "யாருடா இது?" என்று திரும்பிப் பார்த்தது. பாட்டு அப்போதே பழசு!

ஆனால் என்னைக் கேட்டால், அவர் வேலையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் முதல் ஆல்பம்தான். அதில் தென்னாப்பிரிக்க ட்ரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவின் 'ஸ்டிமேலா'வை ரீமிக்ஸ் செய்திருக்கிறார். ஸ்டிமேலா என்றால் கரி ரயில். மலாவி, சாம்பியா, மொசாம்பிக் என்று சுற்றியிருக்கிற நாடுகளிலிருந்தெல்லாம் ஒப்பந்தக் கூலிகளை அள்ளிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்துக்கு வருகிற ரயில். மசகேலா அதில் ரயில் கூவுவதைத் தன் தொண்டையாலேயே கூவிக் காட்டுவார், கேட்டால் முதுகு சில்லிடும். அந்தப் பாட்டை எடுத்து ஆடுகிற தாளத்தில் வைப்பதென்றால் துணிச்சல் வேண்டும், கொஞ்சம் பிசகினால் சாவு வீட்டில் டிஸ்கோ போட்ட கதையாகிவிடும். பிசகவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் நாம். அந்தப் பாட்டுக்கு நமக்கு விளக்கவுரை வேண்டாம்.

டர்பனில் தமிழர்கள் இருக்கிறார்களாமே? அவர்களுக்கும் இவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (கிள்ளான் வாசகர்)

நேரடிச் சம்பந்தம் என்று எதையும் இட்டுக்கட்ட மாட்டேன். ஆனால் இருக்கிறார்கள், நிறையவே. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து போய் டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறியவர்கள். அதே காலத்தில்தான் பினாங்குக்கு எதிர்க்கரையில், இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களையும் இதே மாதிரி ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். அங்கே போன கப்பலில் ஏறாதவர் இங்கே வந்த கப்பலில் ஏறியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறவெறிச் சட்டம் வந்த பிறகு, இன்ன இனம் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று பிரித்தார்கள். டர்பனில் இந்தியர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம் சாட்ஸ்வொர்த். பிளாக் காஃபி பிறந்த உம்லாசி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற கறுப்பர் குடியிருப்பு. இந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் திருவிழா, தீமிதி, அந்தப் பக்கம் ஜூலு பாட்டு. நடுவில் சட்டம் போட்ட கோடு. காற்றில் வருகிற மேளச் சத்தத்துக்கு அந்தக் கோடு தெரிந்திருக்கப் போவதில்லை. இது என் கற்பனை, வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாட்சாப்பில் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்று வந்தது. (பெயர் எழுதாத வாசகர்)

இல்லை. 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவுக்கு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் விபத்தில் பலமாக அடிபட்டது உண்மை. தேறி மேடைக்கும் திரும்பிவிட்டார். வாட்சாப்பில் வருவதைப் பிறருக்கு அனுப்பும் முன் ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத கடுங்காப்பி) குடிக்கிற நேரம் பொறுத்திருங்கள். (அவர் பெயரை நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றினால் அதுதான் வருகிறது, கவனித்தீர்களா? சீனி போட்டதா, சீனி இல்லாத கோசோங்கா என்பதை யாரும் சொல்லவில்லை.)

60 மணி நேரம் விடாமல் டிஜே செய்தாராமே, நிஜமா? (தைப்பிங் வாசகர்)

2010-இல் சொவேட்டோவின் மபோன்யா மாலில். கின்னஸ் சாதனை முயற்சியாகச் செய்தார். 60 மணி என்றால் இரண்டரை நாள். ஒரு கையால். எனக்கு மூன்று மணி நேர டின்னருக்கே முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

அமபியானோ, அஃப்ரோ ஹவுஸ் இரண்டும் ஒன்றா? என் நண்பனோடு பந்தயம். (சுங்கை பட்டாணி வாசகர்)

ஒன்றில்லை. எந்தப் பக்கம் பந்தயம் கட்டினீர்கள் என்று எழுதாததால் வாழ்த்தா அனுதாபமா தெரியவில்லை. பிளாக் காஃபி செய்வது அஃப்ரோ ஹவுஸ்: நிமிடத்துக்கு 120 அடியைச் சுற்றி ஓடும், கிக் டிரம் ('தும்' என்று விழுகிற கனத்த டிரம்) ஒவ்வொரு அடியிலும் நிச்சயமாக விழும். அமபியானோ ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்துக் குடியிருப்புகளில் பிறந்த பிள்ளை, 2010-களில்தான் வளர்ந்தது. வேகம் கொஞ்சம் குறைவு, 112 பக்கம். அங்கே ராஜா கிக் இல்லை, 'லாக் டிரம்' என்று சொல்கிற உருளுகிற பாஸ் தாளம். கேட்டவுடன் வயிற்றில் தெரியும். டர்பனில் பிறந்த 'கோம்' என்று இன்னொன்றும் இருக்கிறது, அது இன்னும் முரடு. மூன்றுக்கும் பாட்டன், 1990-களில் வந்த க்வைட்டோ என்ற தென்னாப்பிரிக்க ஆட்ட இசை.

நான் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். அஃப்ரோ ஹவுஸோடு உறுமியைச் சேர்த்துப் பார்க்க ஆசை. சேர்த்தால் தாளம் உதைக்கிறது. என்ன செய்யலாம்? (ஜார்ஜ்டவுன் வாசகர், 22 வயது)

தம்பி, இந்த மாதத்தில் வந்த நல்ல கேள்வி இதுதான்.

உதைப்பதற்குக் காரணம் எளிது. ஹவுஸில் கிக் நாலு: தும், தும், தும், தும். உங்கள் உறுமி பெரும்பாலும் 'தகிட தகிட' என்று மும்மூன்றாகப் போகும். கம்ப்யூட்டரில் நீங்கள் கட்டத்தைப் பதினாறாகப் பிரித்து வைத்திருப்பீர்கள், அதில் மூன்று எப்படி உட்காரும்? கட்டத்தை ட்ரிப்லெட்டுக்கு, அதாவது மும்மூன்று பிரிவுக்கு, மாற்றுங்கள். 120 வேகத்தில் ஒரு கிக்குக்கு அரை நொடி, அந்த அரை நொடிக்குள் ஒரு 'தகிட' கச்சிதமாக விழும். ஆறு எண்ணிக்கைக்கு இரண்டு கிக். அஃப்ரோ ஹவுஸில் நாலுக்கு மேல் மூன்றைப் போட்டு இழுப்பது புதிதே இல்லை, அந்த ஆட்டத்தின் ருசியே அதுதான். அதனால் உறுமி அங்கே விருந்தாளி மாதிரி இருக்காது, சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது தொல்லை, நம் குழுக்கள் வாசிக்க வாசிக்க வேகம் ஏற்றிக்கொண்டே போவது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும்போது அது அழகு, கம்ப்யூட்டரில் அதுவே தலைவலி. காதில் கிளிக் (வேகத்தைக் காட்டும் 'டிக் டிக்' சத்தம்) வைத்துக்கொண்டு தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள், கூட்டமாக வாசித்ததை வெட்டி ஒட்டாதீர்கள். இன்னொன்று, சாமி அழைக்கிற அடியை எடுத்து கிளப்பில் போடுவதற்கு முன் உங்கள் குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் பழைய ஆள், எனக்கு அது உறுத்தும். அவர் சரி என்றால் நான் யார்?

மைக் ஒன்று போதாது. அடிக்கிற முகத்துக்கு ஒன்று, வளைந்த குச்சியால் தேய்க்கிற முகத்துக்கு ஒன்று. தேய்க்கிற பக்கத்து மைக்கை ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வையுங்கள், நேரே வைத்தால் குச்சி உரசுகிற சத்தம்தான் வரும், அந்த உறுமல் வராது. பதிவானதும் கீழே கிக்கைப் போட்டுவிட்டு, உறுமியின் அடிப்பகுதி ஒலியை மட்டும் கொஞ்சம் வெட்டுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். தேய்க்கிற பக்கத்தை வெட்டவே வேண்டாம். இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், என்ன ஆயிற்று என்று.